கித்தாரில் கனத்த நாதம்

ஓசைக்குக் கனம் உண்டா? தராசிலே வைத்து நிறுக்க இயலாத ஒன்றைக் 'கனத்த குரல்' என்றும் 'மெலிந்த ஓசை' என்றும் நாம் அன்றாடம் சொல்லிவருகிறோம். கேட்பவரும் ஐயமின்றிப் புரிந்துகொள்கிறார். அந்தக் கனம் எதனால் விளைகிறது, அதை வேண்டிய அளவுக்கு வரவழைப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள். எடுத்துக்கொண்ட கருவி மின்சாரக் கித்தார். எடுத்துக்கொண்ட இசையோ, பெரியவர்கள் பலர் இசையென்று ஒப்புக்கொள்ளவே தயங்கும் 'ஹெவி மெட்டல்'.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மத்திய அரசாங்க அலுவலகத்திலே மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு எதைக் கண்டாலும் தமிழாக்கிப் பார்க்கும் பழக்கம் உண்டு. ஆனால் 'கன உலோகம்' என்று எழுதினால் ஈயமும் பாதரசமுமே நினைவுக்கு வரும். ஆற்றுநீர் மாசுபட்டதைப் பற்றிய அறிக்கையில் அச்சொல் பொருந்தும், பாட்டுக் கச்சேரியில் பொருந்தாது. ஆகவே மெட்டல் என்றே வழங்குவோம்.

நாம் வாழும் புணே நகருக்குக் கனத்த ஓசை புதிதன்று. பிள்ளையார் திருவிழாவின் இறுதி நாளில் லட்சுமி சாலையிலே நின்று பார்த்தவர்கள் 'டோல் தாஷா' வாத்தியத்தை மறக்கமாட்டார்கள். இடுப்பிலே கட்டிய பெரிய டோல்கள் பத்துப் பத்தாக அணிவகுத்து வரும். அவற்றின் நடுவே, கழுத்திலிருந்து தொங்கும் சிறிய தாஷாவை மெல்லிய குச்சிகளால் சிலர் பொரிவது போல் அடித்து வருவர். டோல் நம் வயிற்றிலே விழுகிறது. தாஷா காதின் மேலே தெறிக்கிறது. தாஷா இன்றி டோல் மட்டும் ஒலித்தால் சிறிது நேரத்தில் அது வெறும் முழக்கமாய் மங்கிவிடும். டோல் இன்றித் தாஷா மட்டும் ஒலித்தால் தகரக் கூரையில் மழை பெய்தது போலிருக்கும். இரண்டும் தத்தம் எல்லையிலே நின்று ஒலிப்பதால்தான் ஊர்வலத்துக்கு அந்தக் கனம் வருகிறது. கித்தாரைப் பற்றி நாம் சொல்லப்போவதற்கும் இதுவே அடிப்படை.

கல்லூரிகள் மலிந்த இந்நகரில் மேனாட்டு இசையில் ஈடுபாடுள்ள இளைஞர்கள் எப்போதும் உண்டு. 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் 'என்.எச். 7 வீக்எண்டர்' என்னும் இசை விழா முதன்முதலாக இங்கே கோரேகாவ் பார்க் பகுதியில் நடந்தது. பிறகு நாட்டின் வேறு நகரங்களுக்கும் அது பரவிற்று. 2019-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு 'ஓபெத்' குழுவினர் இவ்விழாவுக்காகப் புணே வந்து வாசித்தனர். அத்தகைய மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பையன்கள், மறுவாரமே கித்தாரும் சில பெடல்களும் வாங்கி, வாடகை அறையில் அந்த ஓசையை வரவழைக்க முயல்வார்கள். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

நாம் குடியிருக்கும் கோத்ரூட் பகுதிக் கட்டடத்தின் மேல்மாடியில் அத்தகைய மாணவர் நால்வர் இருந்தனர். பொறியியல் படிப்பவர்கள். மூவர் மராட்டியர், ஒருவர் கோயமுத்தூர்க்காரர். அவர்கள் வாசிப்பால் கட்டடம் நடுங்கிற்று. புணே நகரத்தார் கண்டிப்பான அறிவிப்புப் பலகைகளுக்குப் பேர்போனவர்கள். 'புணேரி பாட்டி' என்று அவற்றுக்குப் பெயரே உண்டு. (மராட்டியில் 'பாட்டி' என்பது பலகை, நம் பாட்டிமார்களைப் போலவே அதுவும் கறாராகப் பேசும் என்பது தற்செயல்.) எங்கள் மாடிப்படியின் அடியிலும் அப்படி ஒரு பலகை தோன்றிற்று. பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை உறங்குவது மனிதரின் உரிமை என்றும், அதை உணராதவர்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வது நலம் என்றும் அது கூறிற்று. கட்டடக் குழுவும் கூடி, மாத இறுதிக்குள் ஓசை அடங்காவிடில் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. மணமாகாத மாணவருக்கு, அதிலும் வாத்தியங்களோடு வருபவருக்கு, இந்நகரில் வேறு அறை கிடைப்பது எளிதன்று. கல்லூரிகளுக்கிடையே நடக்கவிருந்த போட்டிக்கோ ஆறு வாரங்களே எஞ்சியிருந்தன.

சமாதானம் பேசச் சென்ற நம்மிடம் கோவைப் பையன் வேறொரு குறையைச் சொன்னார்: "சார், தனியாக வாசித்தால் மலை மாதிரி இருக்குதுங்க. நாலு பேரும் சேர்ந்தால் கித்தார் காணாமலே போய்விடுதுங்க. அதனால்தான் இன்னும் ஏற்றி வைக்கிறோம்." பலகையில் எழுதப்பட்ட புகாருக்கும் இந்தக் குறைக்கும் காரணம் ஒன்றே என்பது பின்னர் விளங்கிற்று.

காரணத்தைக் காணுமுன் அந்த ஓசை பிறக்கும் விதத்தைச் சற்று ஆராய்வோம். பழைய வால்வு வானொலிப் பெட்டியை நேயர்களில் பலர் அறிவார்கள். ஒலித்திருகை முழுவதும் திருப்பினால் பாடகர் குரல் ஓர் அளவுக்கு மேல் பெருகாமல் கரகரக்கத் தொடங்கும். வால்வினால் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய அலையின் தலையும் காலும் வெட்டுண்டு போவதே காரணம். வெட்டுண்ட அலையிலே, மூல சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என மேற்சுரங்கள் பல புதிதாய்த் தோன்றுகின்றன. வானொலி நிலையத்தார் குற்றமென்று கருதி விலக்கும் இந்தச் சிதைவையே கித்தார்க்காரர் குணமென்று வளர்த்துக்கொண்டார். 1964-ஆம் ஆண்டில் லண்டனிலே 'கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்னும் இளைஞர், தம் சிறிய ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை முகச்சவரத் தகட்டால் கீறி, அந்தக் கரகரப்புடன் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பாட்டு உலகெங்கும் ஒலித்தது.

கனத்துக்கு வித்திட்டவர் பர்மிங்காம் நகரத்து டோனி ஐயோமி. 1965-இல், பதினேழு வயதில், தகட்டுத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரத்தில் வலக்கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர் ஆதலின், தந்தியை அழுத்தும் கையே ஊனமுற்றது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டி வாசித்தார். பின்னர் தந்திகளின் இழுவிசையைக் குறைக்க, சுருதியையே தாழ்த்திக்கொண்டார். 1970-இல் வெளிவந்த 'பிளாக் சாபத்' இசைத்தட்டிலிருந்து இவ்வகை இசைக்கு வரலாறு எழுதுவது வழக்கம். சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தியது 1971-இல். இரண்டு விரல்நுனிகளின் இழப்பு ஓர் இசை மரபின் சுருதியையே கீழே இறக்கிற்று.

இவ்வாறு கரகரப்பை விரும்புவது அந்நியப் பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிட முடியுமா? நம் தம்பூராவைப் பாருங்கள். அதன் குதிரை வயலினுக்குள்ளது போல் கூரிய விளிம்புடையதன்று. அகன்று, மேற்புறம் மெல்ல வளைந்தது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலைச் செருகி, இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். தக்க இடத்தில் நூல் நின்றதும், ஊமையாய் இருந்த தந்தி ஒளி வீசினாற்போல் ரீங்கரிக்கும். தந்தி அதிரும்போது குதிரையை உரசி உரசி விலகுவதால் மேற்சுரங்கள் மலர்கின்றன. நம் வித்வான்கள் அந்த நூலை 'ஜீவா' என்றனர். எத்துணைப் பொருத்தமான பெயர்! மகாராஷ்டிரத்தின் மிரஜ் நகரிலே தம்பூரா செய்வோர் குதிரையை அராவிப் பதப்படுத்துவதை 'ஜவாரி' என்பர். தந்தியை மீட்டும் இடத்தைக் கொண்டு பார்த்தால் எழவே கூடாத மேற்சுரங்களும் தம்பூராவிலும் வீணையிலும் எழுகின்றன என்பதைச் சி. வி. இராமன் 1921-ஆம் ஆண்டு ஆய்வுரையிலே எடுத்துக்காட்டினார். தம்பூராவின் ஜீவாவும் கித்தாரின் சிதைவும் செய்முறையில் வேறு. மேற்சுரங்களால் தந்திக்கு உயிரூட்டும் நோக்கத்தில் ஒன்று.

ஒற்றுமை அத்துடன் நிற்கவில்லை. மெட்டல் இசையின் தாளக் கித்தார் பெரும்பாலும் வாசிப்பது 'பவர் கார்ட்' எனப்படும் இரட்டைச் சுரம், அதாவது நமது ஸட்ஜமும் பஞ்சமமும். இவற்றின் அதிர்வுகள் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் உள்ளவை. கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். சிதைவின்போது இவ்விரண்டின் வேறுபாடான 41 ஹெர்ட்ஸும் தானாகவே தோன்றிவிடுகிறது. அது ஸட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே நிற்கும் ஸட்ஜம். கித்தாரில் அந்தச் சுரத்துக்குத் தந்தியே கிடையாது. பஞ்சமத்துக்குப் பதிலாகக் காந்தாரத்தைச் சேர்த்தால் இந்த ஒழுங்கு கெடும். மேனாட்டுச் சமப்பிரிவுச் சுருதியில் காந்தாரம் இயற்கை நிலையினின்று கணிசமாக விலகியிருப்பதால், சிதைவு அந்த விலகலைப் பெரிதுபடுத்திக் கலங்கலாக்கிவிடும். பஞ்சமமோ இயற்கை நிலையை ஏறக்குறைய ஒட்டியே நிற்கிறது. இவ்விசையிலே ஸ-ப ஆட்சி செலுத்துவதற்கு இதுவே காரணம்.

மேல்மாடி அறைக்குத் திரும்புவோம். புணே திரைப்படக் கல்லூரியிலே ஒலிப்பதிவு பயின்று இந்நகரிலேயே தங்கிவிட்ட அன்பர் ஒருவர் நமக்குப் பழக்கம். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்திலே 1960-இல் தொடங்கிய அக்கல்லூரி ஒலிப்பதிவாளர் பலரை உருவாக்கியிருக்கிறது. அன்பரை அழைத்துச் சென்றோம். மாணவர்கள் நமக்கு 'காகா' என்று முறை வைத்து, நாற்காலி தந்து உட்கார வைத்தனர். அன்பர் எதையும் தொடவில்லை. ஆம்ப்ளிபயரின் திருகுகளை மட்டும் உற்றுப் பார்த்தார். 'கெய்ன்' என்னும் சிதைவுத் திருகு பத்திலே ஒன்பதில் இருந்தது. கீழ் ஒலி எட்டில். மேல் ஒலி எட்டில். இடை ஒலி மட்டும் ஒன்றில். "எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்" என்று சிரித்தார்.

தனியறையில் ஒருவர் மட்டும் வாசிக்கும்போது இந்த அமைப்பு மிக இனிப்பாக இருக்கும். கீழே இடி, மேலே மின்னல், நடுவிலே வெற்றிடம். ஆனால் குழு கூடியதும் என்ன ஆகிறது? கீழ் ஒலியின் நிலத்தைப் பேஸ் கித்தாரும் காலால் உதைக்கும் பெரிய முரசும் எடுத்துக்கொள்கின்றன. மேல் ஒலியின் வானத்தைத் தாளத் தகடுகள் நிரப்பிவிடுகின்றன. கித்தாருக்கென்று எஞ்சுவது ஏறக்குறைய 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடைவெளி. அதைத்தான் பையன் தன் கையாலேயே துடைத்துப் போட்டிருந்தார். பிறகு, கேட்கவில்லையே என்று முழு ஒலியையும் உயர்த்தினார். சுவரைத் துளைத்துக்கொண்டு அண்டை வீட்டாரின் கட்டிலை நடுக்குவது கீழ் ஒலியே. ஆக, குழுவுக்கு உதவாத பகுதியே கட்டடத்தாரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது!

அன்பர் சொன்ன வைத்தியம் பெரும்பாலும் குறைப்பதாகவே இருந்தது. முதலில் கெய்ன். தந்தியை உள்ளங்கையின் ஓரத்தால் குதிரைக்கருகே அடக்கிக்கொண்டு விரைந்து வாசிக்கும் முறை இவ்விசையின் உயிர்நாடி. அவ்வாறு வாசிக்கையில் ஒவ்வோர் அடியும் தனித்தனியே, ஆணி அறைவது போல் கேட்க வேண்டும். சிதைவு மிகுந்தால் அடிகளுக்கிடையே உள்ள மௌனம் அழிந்து எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். சுவீடன் நாட்டு 'மெஷுகா' குழுவினரின் பாணியிலிருந்து 'ஜெண்ட்' என்னும் ஒலிக்குறிப்புச் சொல் ஒன்று பிறந்து, இன்று ஓர் இசைப்பிரிவுக்கே பெயராகிவிட்டது. நம் மிருதங்கச் சொற்கட்டிலே தொம், நம், தீம் என்பவை எவ்வாறு ஓசையையே பெயராகக் கொண்டனவோ, அவ்வாறே இதுவும். அடக்கிய தந்தி எழுப்பும் அந்த ஒற்றைச் சொல் தெளிவாய்க் கேட்கும் அளவுக்கு மேல் சிதைவு வேண்டியதில்லை. திருகு ஐந்தரைக்கு இறங்கிற்று. கையின் பிழைகள் உடனே வெளிப்பட்டன. மிகுந்த சிதைவு அவற்றை இத்தனை நாளும் மூடி மறைத்திருந்தது. பையன் முகம் சற்றே வாடியதைக் கண்டோம்.

அடுத்தது ஒரு விந்தை. பையனிடம் 'டியூப் ஸ்க்ரீமர்' என்னும் பச்சை நிறப் பெடலின் நகல் ஒன்று இருந்தது. ஜப்பானின் ஐபனெஸ் நிறுவனப் பெயரில் 1979-இல் புகழ்பெற்றது மூலப்பெடல். அதன் வேலையே சிதைவு உண்டாக்குவது. ஆனால் அன்பர் அதன் சிதைவுத் திருகைப் பூஜ்யத்திலே வைத்தார். வெளியீட்டுத் திருகை முழுதும் திறந்தார். இவ்வாறு வைத்தால் அப்பெடல், ஆம்ப்ளிபயருக்குள் செல்லுமுன்பே கீழ் ஒலியின் கொழுப்பைச் செதுக்கி, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய இடை ஒலியைத் தூக்கித் தருகிறது. கொழுத்த கீழ் ஒலி சிதைவுக்குள் புகுந்தால் சேறாகும். வடித்த பிறகு புகுந்தால் கூர்மை பெறும். வேண்டிய கீழ் ஒலியைச் சிதைவுக்குப் பின்னால் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் கட்டத்தில் குறைக்கிறோம் என்பதிலே இவ்வளவு இருக்கிறது. அலுவலகக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது மூலத்தின் மிகைச் சொற்களை முதலிலேயே நீக்காமல் தமிழாக்கிவிட்டு, பின்னர் திருத்தத் திணறும் எங்கள் இலாகா நண்பர்களுக்கு இந்தப் பெடலைப் பரிந்துரைக்கலாம் என்று தோன்றிற்று.

பிறகு இடை ஒலி ஒன்றிலிருந்து ஆறுக்கு ஏறிற்று. கீழ் ஒலி நான்குக்கு வந்தது. வாசிக்காத கணங்களில் ஆம்ப்ளிபயரின் இரைச்சலை அடைத்து வைக்கும் 'நாய்ஸ் கேட்' என்னும் கதவை, தந்தியின் நீண்ட ஓசையை அறுத்துவிடாதபடி தளர்த்தினார். தந்தியையும் கவனித்தார். வழக்கமான தந்தித் தொகுதியில் பருத்த தந்தி அங்குலத்தின் ஆயிரத்தில் 46 பங்கு பருமன் உடையது. அதையே வைத்துக்கொண்டு நான்கு அரைச்சுரம் சுருதியைத் தாழ்த்தினால் தந்தி தொய்ந்து, அடித்த கணத்தில் சுருதி மேலேறிப் பின் இறங்கும். 56 பங்கு அளவுள்ள தந்தி பூட்டியதும் அந்தத் தள்ளாட்டம் நின்றது. தந்தி புதிதாய் இருப்பதும் முக்கியம். புணேயின் மழைக்காலத்தில் ஈரமும் விரல்வியர்வையும் சேர்ந்து தந்தியை விரைவிலேயே மந்தமாக்கிவிடுகின்றன.

இத்தனைக்கும் பிறகு கோவைப் பையன் தனியே வாசித்துப் பார்த்தார். மெலிந்துவிட்டது போல் தோன்றிற்று. நமக்கும் அவ்வாறே பட்டது. "இப்போது நால்வரும் வாசியுங்கள்" என்றார் அன்பர். வாசித்தனர். ஒட்டுமொத்த ஒலியளவு முன்னிருந்ததைவிடக் குறைவு. ஆயினும் கித்தார் நடுவே சுவர் எழுப்பினாற்போல் நின்றது. அதன் கீழ்ப்பகுதியைப் பேஸ் கித்தார் தாங்கிற்று. கேட்பவருக்கு இரண்டும் ஒரே பெருங்கருவியாய்த் தோன்றின. மெட்டல் இசைத்தட்டுக்களிலே கித்தாரின் கனம் என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு பேஸ் கித்தாரின் ஓசையே என்று அன்பர் அப்போது சொன்னார்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே தண்ணுமை ஆசிரியனுக்குக் கூறப்பட்ட இலக்கணம் நம் நினைவுக்கு வந்தது. மற்றக் கருவிகளின் ஓசை குறையும் இடத்தை நிரப்பவும், மிகும் இடத்தை அடக்கவும், அவ்விரண்டையும் அளவு கடவாமல் செய்யவும் வல்லவனாய் அவன் இருக்க வேண்டும் என்கிறார் இளங்கோவடிகள். தாளக் கித்தார்க்காரனுக்கு இதைவிடச் சிறந்த விதியை எந்த நாட்டுக் கையேடும் எழுதிவிடவில்லை என்பது நம் அபிப்பிராயம்.

ஒலிப்பதிவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கித்தார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் ஒலிக்காது. இது குறையன்று; சிதைவின் முட்களை மழுக்கும் சல்லடை. ஸ்பீக்கர் இல்லாமல் நேரே பதிந்தால் புட்டியில் அடைத்த குளவி போல் ஒலிக்கும். ஸ்பீக்கரின் முன்னே வைக்கும் மைக், 1965-இல் ஷூர் நிறுவனம் வெளியிட்ட 'எஸ்.எம். 57' என்பது இத்துறையில் ஏறக்குறையச் சட்டமாகவே ஆகிவிட்டது. அதை ஸ்பீக்கரின் நடுமையத்திலிருந்து ஒரு விரல் நகர்த்தினால் கூர்மை குறைந்து கனம் கூடும். திருகுகளை எவ்வளவு திருகினாலும் கிட்டாத மாறுதல் இந்த ஒரு விரல் நகர்விலே கிட்டும். தம்பூரா நூலின் கதைதான்.

இசைத்தட்டில் கித்தார் இருபுறமும் விரிந்து கேட்பது, ஒரே பகுதியை இரு முறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைப்பதனால். ஒரு முறை வாசித்ததைப் படியெடுத்து இரு புறமும் வைத்தால் பயனில்லை. அது நடுவிலேயே குவிந்துவிடும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே உள்ள மயிரிழை வேறுபாடே அகலத்தைத் தருகிறது. அதே வேறுபாடு மயிரிழைக்கு மிஞ்சினால் இருவர் சண்டையிடுவது போலிருக்கும். ஆதலால் கையின் பயிற்சிக்கு மாற்றாக எந்தப் பெட்டியும் இல்லை. பையன்கள் ஒரு பாட்டின் இருபது விநாடிப் பகுதியை இரு முறை ஒன்றுபோல் வாசிக்க மூன்று மாலைகள் எடுத்துக்கொண்டனர்.

ஒலியைப் பற்றிய சட்டத்தையும் நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் புணேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழாவிலே விடிய விடிய நடந்துவந்த கச்சேரிகளையே இவ்விதி சுருக்கிவிட்டது. பண்டிதர்களுக்கே சலுகை சொற்பமாயிருக்க, பொறியியல் மாணவர்களுக்கு எங்கே கிடைக்கும்? பிள்ளையார் ஊர்வலத்திலே லட்சுமி சாலையின் ஓசை 100 டெசிபலைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அது ஆண்டுக்கொரு முறை. காதுக்கு நாள்தோறும் 85 டெசிபல் எட்டு மணி நேரம் வரை என்பது தொழில் மருத்துவர்கள் கூறும் எல்லை. மூன்று டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும். கணக்கிட்டுப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால்மணி நேரமே கிடைக்கிறது. அன்பர் கையிலிருந்த கருவியைக் கொண்டு அளந்தபோது, மாடியறையில் முன்பிருந்த ஓசை அந்த 100-ஐ எட்டியிருந்தது. அவர்கள் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வாசித்து வந்தார்கள்! செவி கெட்டால் மேல் ஒலி முதலில் மறையும். மறைந்ததை ஈடு செய்ய மேல் ஒலித் திருகை இன்னும் ஏற்றுவார்கள். இந்தச் சுழலுக்கு முடிவில்லை.

நல்ல வேளையாக இக்காலத்தில் வேறு வழி பிறந்திருக்கிறது. 1992-இல் தோன்றிய பீவி நிறுவனத்தின் '5150', மேசா பூகி நிறுவனத்தின் 'டூயல் ரெக்டிபயர்' போன்ற பெரிய வால்வு ஆம்ப்ளிபயர்களே நவீன மெட்டலின் குரலாயின. அவற்றை முழு ஒலியில் வாசிக்க வயல்வெளி வேண்டும். இன்று அவற்றின் நடத்தையைக் கணினி நிரலாக எழுதிவிட்டார்கள். ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றின் இயல்பையும் ஒரு சிறு கோப்பில் அடக்கிவிட்டார்கள். இலவசமாகவே கிடைப்பவையும் உண்டு. தில்லியைச் சேர்ந்த கேசவ் தர் தம் வீட்டு அறையில் கணினியை வைத்துக்கொண்டு தொடங்கிய முயற்சியே 'ஸ்கைஹார்பர்' குழுவாக வளர்ந்தது. 2012-இல் அதன் முதல் இசைத்தொகுப்பைப் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று வெளியிட்டது. வீட்டறை ஒரு தடையன்று என்று நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிச் சொல்லலாம். எனினும் நிரலிலும் கெய்ன் திருகு உண்டு. அதையும் ஒன்பதில் வைப்பவர்கள் உண்டு.

கட்டடக் குழுவிடம் நாம் பேசினோம். மாலை ஐந்து முதல் ஏழு வரை, சனி ஞாயிறுகளில் மட்டும், அளவுகருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நால்வரும் சேர்ந்து வாசிப்பது. மற்ற நாட்களில் காதணிக் கருவியோடு பயிற்சி செய்வது. கதவின் அடியிடுக்கைத் துணி வைத்து அடைப்பது. ஆம்ப்ளிபயரைத் தரையிலிருந்து தூக்கி நுரைமெத்தையின் மேல் வைப்பது. இந்த ஏற்பாட்டுக்குக் குழுத் தலைவர் இணங்கினார். பலகையை மட்டும் எடுக்க மறுத்துவிட்டார், எழுதியது எழுதியதுதானாம். போட்டியில் பையன்கள் இரண்டாம் இடம் பெற்றனர். முதலிடம் பெற்ற குழுவின் முரசுக்காரர் தங்களவரைவிடத் தேர்ந்தவர் என்று கோவைப் பையனே ஒப்புக்கொண்டார். இப்போது வார நாட்களில் இரவு ஒன்பதரை மணிக்கு நாம் படிக்கட்டில் ஏறும்போது, அந்த அறையிலிருந்து மின்சாரம் ஏறாத தந்தியின் மேல் மீட்டுதகடு படும் 'டக் டக்' ஓசை மட்டும் கேட்கிறது. எதிர்வீட்டில் குக்கர் அதைவிட உரக்கக் கூவுகிறது.